அக்காவுக்குப் பிடிக்காத படம்

அக்காவும் நானும் சேர்ந்து எத்தனையோ படம் பார்த்திருக்கிறோம். வருடக்கணக்கில் சண்டை போட வைத்தது ஒன்றுதான். 2018 அக்டோபரில் சென்னையில் ஒரு மல்டிபிளெக்ஸில், ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. படம் 'எ ஸ்டார் இஸ் பார்ன்'. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா பார்க்கிங்கில் கைப்பைக்குள் வண்டிச் சாவியைத் துழாவிக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சு, பாட்டெல்லாம்" என்றாள். அந்தப் 'பாட்டெல்லாம்' போதும். படம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கல்யாண வீட்டில் "பந்தி எப்படி?" என்று கேட்டால் "அப்பளம் நல்லா இருந்துச்சு" என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

அந்த வருடம் இந்தப் படத்தைப் பார்த்த எல்லாருமே இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்சன் மெய்ன் பெரிய ராக் பாடகன். குடிகாரன், மாத்திரைக்கும் அடிமை, காது வேறு போய்க்கொண்டிருக்கிறது. ஓர் இரவு தண்ணியடிக்க இடம் தேடி ஒரு பாருக்குள் நுழைகிறான். அங்கே ஆலி பாடிக்கொண்டிருக்கிறாள். ஹோட்டலில் வேலை பார்க்கும் பெண், சொந்தமாகப் பாட்டு எழுதுவாள், மூக்கு பெரிது என்று இசைக் கம்பெனிக்காரர்கள் கழித்துக் கட்டியவள். காதல், கல்யாணம். அவள் ஏற ஏற அவன் இறங்குகிறான். கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

டிரெய்லர் வந்தபோதே இங்கே நிறையப் பேர் "இது 'ஆஷிக்கி 2' ஆச்சே, ஹாலிவுட்காரன் இந்திப் படத்தைச் சுட்டுட்டானா?" என்று கேட்டார்கள். 2013-ல் வந்த அந்த இந்திப் படமே இந்தக் கதையின் சாயலில் வந்ததுதான். மூலம் ரொம்பப் பழசு. 1937-ல் ஜேனட் கேய்னரும் ஃபிரெட்ரிக் மார்ச்சும் நடித்து முதல் படம், 1954-ல் ஜூடி கார்லண்டும் ஜேம்ஸ் மேசனும், 1976-ல் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டும் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனும், 2018-ல் லேடி காகாவும் பிராட்லி கூப்பரும். நாலு தலைமுறை. கூப்பருக்கு இதுதான் முதல் டைரக்‌ஷன்.

லேடி காகா நடிக்கிறார் என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "காக்காவா? யாருடி பேரு வச்சது?" என்று கேட்டாள். சிரித்தோம். ஆனால் அந்தப் பேர்தான் படத்தின் பிரச்சினையே. ஸ்டெஃபனி ஜெர்மனோட்டா என்ற நியூயார்க் பெண்ணின் மேடைப் பேர் அது. 2010-ல் ஒரு விருது விழாவுக்குப் பச்சை மாட்டிறைச்சியில் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போனவர். வேஷம், விக், ஒப்பனை, ஆட்டம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர் கலை. அப்படிப்பட்டவரைக் கூட்டிவந்து ஒப்பனையை எல்லாம் துடைத்துவிட்டு, "பாருங்கள், உள்ளே இருக்கும் உண்மையான முகம்" என்று காட்டுகிறது படம். டெஸ்ட் ஷூட்டின்போது கூப்பரே ஒரு துணியை எடுத்து அவர் முகத்து மேக்கப்பைத் துடைத்துவிட்டாராம். பாதிப் பேருக்கு இது புல்லரிப்பு. மீதிப் பேர் கேட்டது: ஏன், அந்த வேஷம் பொய்யா?

அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் முதல் பாதியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதில் எனக்கும் அக்காவுக்கும் தகராறே இல்லை.

சந்தித்த அன்று இரவே ஆலி ஒரு பாரில் ஒருவனை முகத்தில் குத்திவிடுகிறாள். கை வீங்குகிறது. ஜாக்சன் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய் ஐஸில் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை எடுத்து வந்து அவள் கையில் வைத்துக் கட்டுகிறான். வெளியே பார்க்கிங்கில், கையில் பட்டாணியோடு, அவள் அவனைப் பற்றியே ஒரு பாட்டை அங்கேயே கட்டிப் பாடுகிறாள். மறுநாள் அவன் கச்சேரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புகிறான். மேடை ஓரத்தில் நிற்கிறாள். முந்தின இரவு அவள் முணுமுணுத்த வரிகளை இவன் பாட்டாக்கி வைத்திருக்கிறான். "நீ வந்தாலும் வராவிட்டாலும் பாடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஆரம்பித்துவிடுகிறான்.

அதுதான் 'ஷாலோ'. அவள் மைக்கிடம் போகும் அந்தச் சில அடிகளை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. பாடிக்கொண்டே கையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். சத்தம் தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்த மாதிரி. ஆயிரக்கணக்கான பேர் முன்னால் பாடிப் பழகிய ஒருவர், பாடியே பழகாதவள் மாதிரி நடிப்பது சாதாரண விஷயம் இல்லை. பாட்டெல்லாம் நேரடியாகவே பாட வேண்டும், பின்னால் வாயசைக்கக் கூடாது என்று காகா பிடிவாதமாக இருந்ததும் சேர்ந்துதான் அந்தக் காட்சி அப்படி அமைந்தது. பக்கத்தில் அக்கா மூச்சே விடவில்லை. கையில் இருந்த பாப்கார்ன் கோப்பை சரிந்துகொண்டிருந்தது.

கச்சேரிக் காட்சிகள் சிலவற்றை 2017-ல் நிஜமான இசைவிழா மேடைகளிலேயே எடுத்தார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில் 1976 படத்தின் நாயகன் கிறிஸ்டோஃபர்சனின் நிகழ்ச்சி நேரத்திலிருந்தே சில நிமிடம் கூப்பருக்குக் கிடைத்தது. பழைய நாயகன் மேடையைப் புது நாயகனுக்கு விட்டுக்கொடுப்பது கதைக்கே பொருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவின் கோசெல்லா இசைவிழாவில் அந்த வருடம் காகா பாடியது பாடகி பியான்சேக்குப் பதிலாக. பியான்சே கர்ப்பமாக இருந்ததால் விலகிக்கொண்டார். இந்தப் படத்தையே பல வருடம் முன்னால் கிளின்ட் ஈஸ்ட்வுட் பியான்சேயை வைத்து எடுப்பதாக இருந்தது. அதுவும் அவர் கர்ப்பமானதால்தான் முதலில் தள்ளிப்போனது. இரண்டு தடவையும் காகாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. இதை ஜாதகம் பார்க்கும் என் மாமியாரிடம் சொல்லவேண்டும்.

சரி, தகராறு எங்கே ஆரம்பிக்கிறது? படம் பாதியைத் தாண்டியதும். ரெஸ் என்றொரு மேனேஜர் வருகிறான். ஆலியின் முடிக்குச் சாயம் ஏறுகிறது, பின்னால் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஒய் டிட் யூ டூ தட்' என்று ஒரு துள்ளல் பாட்டு பாடுகிறாள். பின்பக்கத்தைப் பற்றி ஒரு வரி அதில் வரும். மேடைக்கு அந்தப் பக்கம் ஜாக்சன் நிற்கிறான், முகம் தொங்கிப்போய், மறுபடியும் கையில் சரக்கு.

அந்த ஒரு பாட்டை வைத்து அமெரிக்காவில் பெரிய வாதமே நடந்தது. அது வேண்டுமென்றே மோசமாக எழுதப்பட்ட பாட்டா, இல்லை நல்ல பாட்டைத்தான் ஜாக்சனின் கண் மோசமாகக் காட்டுகிறதா? எழுதியவர்களில் ஒருவரான டயான் வாரன், மோசமான பாட்டு எழுத வேண்டும் என்று தான் உட்காரவில்லை என்று சொன்னார். கித்தார் என்றால் உண்மை, கணினித் தாளம் என்றால் பொய். வலி என்றால் கலை, ஆட்டம் என்றால் வியாபாரம் என்று படம் தீர்ப்பு எழுதிவிட்டது என்பது பாப் ரசிகர்களின் கோபம். இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. மெலடி என்றால் இசை, குத்துப்பாட்டு என்றால் சத்தம் என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பேர்வழிகளே ஊர்த் திருவிழாவில் முதல் ஆளாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

அப்போது என் ஆபீஸில் ஒரு பையன் இருந்தான். காகாவின் வெறி ரசிகன். திங்கட்கிழமை கேன்டீனில் அவன் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணா, அந்தப் படம் சொல்ற கணக்குப்படி பார்த்தா, 2008-ல தலைவி பாடின பாட்டு எதுவுமே பாட்டு இல்ல. அவங்களையே வச்சு அவங்களையே திட்டிருக்காங்க." நான் சிரித்தேன். படத்துக்கு ஆதரவாக ஏதோ சொல்லி மழுப்பினேன். பதில் சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை.

இப்போது யோசித்தால் அவன் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் ஒரு கால்வாசி இருக்கிறது. அந்தத் தொலைக்காட்சிக் காட்சியில் காகாவின் முகத்தை மட்டும் பாருங்கள். வருத்தமே கிடையாது. ஆட்டத்தில் ஒரு ருசி இருக்கிறது. படம் "ஐயோ, இவள் கெட்டுப்போய்விட்டாளே" என்று முனகிக்கொண்டிருக்கிறது, அவர் முகமோ "எவன்டா சொன்னது?" என்கிறது. பாடகி இல்லாத ஒரு நடிகையைப் போட்டிருந்தால் அந்த முகம் டைரக்டர் சொன்னதைக் கேட்டிருக்கும். இவர் முகம் கேட்கவில்லை. பார்ப்பவர்கள் இரண்டாகப் பிரிந்ததற்கு வேறு காரணம் எதற்கு? படமே அங்கே இரண்டாகத்தான் இருக்கிறது. ஜாக்சனைப் பார்த்தால் ஒரு படம், ஆலியைப் பார்த்தால் இன்னொன்று.

நான் தியேட்டரில் பார்த்தது ஜாக்சனை. அக்கா பார்த்தது ஆலியை. இது பட ரசனையில் வந்த வித்தியாசம் இல்லை. அக்கா காலேஜ் படித்த இரண்டு வருடம் திருநெல்வேலியில் எங்கள் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தாள். சித்தப்பா அருமையான மனிதர், ராத்திரி ஒன்பது மணி வரை. நன்றாகப் பாடவும் செய்வார். சித்திக்கு ஒரு பழக்கம் உண்டு என்று அக்கா சொல்வாள். வெளிக்கேட்டின் கொண்டியை அவர் எப்படி இழுக்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்பாளாம். ஒரே இழுப்பில் திறந்தால் சோறு போடலாம். இரண்டு மூன்று தடவை தட்டுத் தடுமாறினால் பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். அக்கா புத்தகத்தோடு அந்த உள்ளறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நான் லீவுக்குப் போய் சித்தப்பாவோடு ஆற்றில் குளித்துவிட்டு வந்தவன். எனக்கு அவர் பாட்டு ஞாபகம். அவளுக்குக் கொண்டி.

படத்தில் குளியல் தொட்டிக் காட்சி ஒன்று உண்டு. ஆலிக்குக் கிராமி விருதுக்கு மூன்று பரிந்துரை வந்திருக்கிறது. தொட்டியில் இருக்கிறாள். ஜாக்சன் குடித்துவிட்டு வந்து, அவள் பாட்டு வரியைச் சொல்லிக் கிண்டல் செய்து, கடைசியில் அசிங்கமாக இருக்கிறாய் என்று சொல்லிவிடுகிறான். அவள் மூக்கை முதன்முதலில் அழகு என்று சொன்னவன் அவன். எந்த இடத்தில் அடித்தால் விழுவாள் என்று அவனுக்குத்தானே தெரியும். எனக்கு அந்தக் காட்சியில் அவன் மேல்தான் பரிதாபம் வந்தது, பொறாமையில் இப்படி ஆகிவிட்டானே என்று. அக்கா அதற்கப்புறம் படத்திலேயே இல்லை. பிறகு மறுவாழ்வு மையத்தில் அவன் அழுது மன்னிப்புக் கேட்பான். "நீ அழுதியே அந்த இடத்துல, எனக்கு வாட்சைப் பார்க்கத் தோணுச்சு" என்றாள். "சித்தப்பாவும் காலைல இப்படித்தான்டா அழுவாரு. காபி குடிச்சிட்டு அழுவாரு."

அவளை எதிர்த்துப் பேச நினைத்து நான் அந்தக் காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். 1954 படம் முதல் காட்சியில் மூன்று மணி நேரம் ஓடியது. அவ்வளவு நீளமென்றால் ஒரு நாளைக்கு எத்தனை காட்சிதான் ஓட்ட முடியும் என்று தியேட்டர்காரர்கள் கேட்க, தயாரித்த வார்னர் பிரதர்ஸ் கிட்டத்தட்ட அரை மணி நேரத்தை வெட்டித் தள்ளியது. வெட்டிய துண்டுகளில் பல தொலைந்தே போயின. 1983-ல் படத்தை மீட்டெடுத்தபோது, ஒலி கிடைத்தது, காட்சி கிடைக்காத இடங்கள் இருந்தன. அங்கே அசையாத புகைப்படங்களை வைத்து ஒட்டினார்கள். ஜூடி கார்லண்ட் பேசுகிறார், முகம் மட்டும் உறைந்து நிற்கிறது. படத்தில் குடித்து அழிவது கணவன். வெளியே மாத்திரைகளோடு போராடிக்கொண்டிருந்தது கார்லண்ட். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த உறைந்த முகங்களைக் கடப்பது கஷ்டம்.

1976 படம் நம் விஷயத்துக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. அன்றைக்குப் பெரும் புகழில் இருந்த பாடகி ஸ்ட்ரைசாண்ட். படத்தின் டைரக்டரே, படம் வெளியாவதற்கு முன்னால், ஸ்ட்ரைசாண்டோடும் தயாரிப்பாளரோடும் தான் பட்ட பாட்டைப் பத்திரிகையில் எழுதிவிட்டார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த வருடத்தின் பெரிய வசூல் படங்களில் ஒன்று. 'எவர்கிரீன்' பாட்டுக்கு ஆஸ்கர். 2018-ல் விமர்சகர்கள் பெரும்பாலும் கொண்டாடினார்கள், வசூல் 40 கோடி டாலரைத் தாண்டியது, ஆஸ்கரில் எட்டுப் பரிந்துரை. கிடைத்தது என்னவோ மறுபடியும் பாட்டுக்கான ஒன்றுதான். அக்காவிடம் இதைச் சொன்னதுதான் என் முட்டாள்தனம். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சுன்னு" என்றாள்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1937-லும் 1954-லும் அவன் கடலில் இறங்கிப் போய்விடுவான், 1976-ல் கார் விபத்து. 2018 படத்தில் அவன் போகும் விதம் வீட்டிலேயே, நமக்குத் தெரிந்த உலகத்தில் நடக்கிறது. நியூசிலாந்தில் பார்த்துவிட்டுச் சிலர் மிகவும் கலங்கிப்போனதாகப் புகார் வந்து, அங்கே தணிக்கை அலுவலகம் தற்கொலை பற்றிய எச்சரிக்கையைப் படத்தோடு சேர்க்கச் சொன்னது. அந்த இடத்தில் கூப்பர் காமிராவை வெளியிலேயே நிறுத்திவைக்கிறார். ஆலி, ஜாக்சன் வளர்க்கும் நாய் சார்லி மட்டும் மூடிய கதவுக்கு வெளியே இருக்கிறது. அது கூப்பரின் சொந்த நாய்.

அதற்கப்புறம் கடைசிக் காட்சி. அஞ்சலிக் கூட்டம். ஆலி மேடைக்கு வந்து தன் பேரைச் சொல்கிறாள்: ஆலி மெய்ன். தியேட்டரில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் அக்கா முழுச் சத்தத்தில் என்னிடம், "இனிஷியல மாத்திட்டாளா?" என்றாள். முன்வரிசையில் நாலு தலை திரும்பியது.

ஊர் முழுக்க விளம்பரப் பலகையில் வெறும் 'ஆலி' என்று பேர் போட்டுக்கொண்டிருந்தவள். செத்துப்போன கணவனின் பேரை ஒட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் படம் அவளை முழு நட்சத்திரம் என்று ஒத்துக்கொள்கிறது. பழைய படங்களில் இது இன்னும் பச்சையாக இருக்கும். 1954 படத்தில் எஸ்தர் பிளாட்ஜெட் சம்பள வரிசையில் நிற்கும்போதுதான், தன் பேர் விக்கி லெஸ்டர் என்று மாற்றப்பட்டது அவளுக்கே தெரியவரும். கடைசியில் அந்தப் பேரையும் விட்டுவிட்டு, "நான் மிஸஸ் நார்மன் மெய்ன்" என்பாள். கூட்டம் எழுந்து கைதட்டும். அந்த ஒரு வரிக்காகவே அழுத தலைமுறை உண்டு. அதைக் கேட்டுப் பல்லைக் கடித்த தலைமுறையும் உண்டு.

அக்காவுக்கு அது சும்மா வந்த கோபம் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் அவளுக்கு ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், டிகிரி சர்ட்டிபிகேட்டில் ஒரு இனிஷியல். அப்பாவின் 'எஸ்', அத்தானின் 'ஆர்'. ஒரு வங்கியில் 'எஸ்'ஸும் 'ஆர்'ரும் ஒரே ஆள்தான் என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். கவுண்டருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, நான்தான் நான் என்று பத்திரம் கொடுத்தவள் அவள். ஆலி மெய்ன் அவளுக்கு எப்படி இனிக்கும்?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் ஊரில் இல்லை. டிவியில் எதையோ தேடப்போக இந்தப் படம் கண்ணில் பட்டது. "போடு, பாட்டு வரைக்கும் பார்ப்போம்" என்றாள். 'ஷாலோ' முடிந்தது, நிறுத்தவில்லை. குளியல் தொட்டி வந்தபோது அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் மட்டும் உட்கார்ந்து, இந்தத் தடவை ஜாக்சனைப் பார்க்காமல், தண்ணீருக்குள் இருந்த முகத்தை மட்டும் பார்த்தேன். அவன் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னாலேயே, அது வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கொண்டிச் சத்தம் கேட்டவள் முகம். இத்தனை வருடம் இதை நான் பார்க்கவே இல்லை.

அக்கா திரும்பி வந்து கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்தாள். கடைசியில் ஆலி கண்ணை நிமிர்த்தி நேரே நம்மைப் பார்ப்பாள், திரை இருளும். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"அந்த நாய அப்புறம் யாருடா பார்த்துக்கிட்டா?"

"அது டைரக்டர் நாய்க்கா. நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அதானே பார்த்தேன்" என்று தோசைக்கல்லை எடுக்கப் போனாள்.